தாடி ஓணானின் தாகம்: வாசகர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவரின் பதில்கள்

'பியர்டட் டிராகன்' என்று கடைகளில் விற்கப்படும் தாடி ஓணானைப் பற்றிச் சென்ற மாதம் நான் எழுதிய சிறு குறிப்புக்குத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தண்ணீரைப் பற்றியே கேட்டிருந்தன. எனவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கல்லூரியில் படிக்கும் என் மகன் ஆறு மாதங்களுக்கு முன் ஒரு தாடி ஓணானை வாங்கி வந்தான். தொட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் இருக்கிறது. அது குடித்து நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை. விற்றவரோ, "பாலைவனத்து உயிர், அதற்குத் தண்ணீரே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். அது சரிதானா, ஐயா?
வாசகி, தருமபுரி

சரியல்ல, அம்மா. இந்த ஒரு சொல்லை நம்பியதால் சிறுநீரகம் மெல்ல மெல்லக் கெட்டு இறந்துபோன ஓணான்களை நான் மேசைமீது பார்த்திருக்கிறேன். ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

தாடி ஓணானின் தாயகம் ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. நம் வேலியோரத்து ஓணானும் அதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அங்கே அதன் கண்ணெதிரே குளமோ கிண்ணமோ இருப்பதில்லை என்பது உண்மை. ஆனால் அது தின்னும் இலையிலும் பூவிலும் பூச்சியின் உடலிலும் தண்ணீர் இருக்கிறது, எப்போதாவது பெய்யும் மழையிலும் இருக்கிறது. மழை பெய்யும்போது பின்னுடலை உயர்த்தித் தலையைத் தாழ்த்தி நின்று, முதுகில் விழும் நீர் வழிந்து வாயருகே வந்து சேர, அதை நக்கிக் குடிப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, அது பழகிய தண்ணீர் மேலிருந்து சொட்டுவதும் வழிவதும்தான். கிண்ணத்தில் அசையாமல் கிடப்பதைத் தண்ணீர் என்றே பல ஓணான்கள் அடையாளம் காண்பதில்லை.

எனவே நீங்கள் தண்ணீரை அதன் வழியில் கொடுக்க வேண்டும். காலையில் விளக்குப் போட்டு ஒரு மணி நேரம் கழித்து, உடல் நன்கு சூடேறிய பிறகு, ஊசி நீக்கிய சிரிஞ்சாலோ சொட்டு மருந்துக் குழாயாலோ மூக்குத் துளைகளைத் தவிர்த்து, மேலுதட்டின் நுனியில் ஒரு சொட்டு வையுங்கள். முதலில் திகைக்கும், பிறகு நாக்கை நீட்டி நக்கும். நக்கத் தொடங்கியதும் அடுத்தடுத்த சொட்டுகளை நிதானமாக விடலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்குப் போதும் என்று பொருள். வளர்ந்த ஓணானுக்கு வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் இப்படிக் கொடுத்தால் போதும். சில மாதங்களே ஆன குஞ்சுகளின் உடல் விரைவில் வற்றிவிடும் என்பதால் அவற்றுக்கு நாள்தோறும் இரண்டு வேளை கொடுக்க வேண்டும்.

கிண்ணத்தை எடுத்துவிட வேண்டாம். ஆழமில்லாத கிண்ணமாக, தொட்டியின் குளிர்ந்த பக்கத்தில், தினமும் கழுவி மாற்றிய தண்ணீரோடு இருக்கட்டும். அவ்வப்போது விரல்நுனியால் நீரைத் தட்டிச் சிற்றலை எழுப்பினால் சில ஓணான்கள் திரும்பிப் பார்க்கப் பழகிவிடுகின்றன. இவற்றையெல்லாம்விட முக்கியம் உணவு: கீரையைக் கழுவி உதறாமல், நீர்த்துளிகள் இலையில் நிற்கும்படியே வையுங்கள். நாள் முழுவதும் அது பெறும் தண்ணீரில் பெரும்பகுதி அந்தத் தட்டிலிருந்துதான் வரும்.

தண்ணீர் போதவில்லை என்பதை நோய் வருவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா?
வாசகர், காவேரிப்பட்டணம்

முடியும், அதற்கு எச்சத்தைப் பார்க்கும் பழக்கம் வேண்டும். நம் வீட்டுச் சுவர்ப்பல்லியின் எச்சத்தில் கரிய பகுதியின் நுனியில் ஒரு வெள்ளைப் பொட்டு இருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அந்த வெள்ளைதான் பல்லியின் சிறுநீர். பாலூட்டிகளைப் போல் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் ஊர்வனவற்றின் சிறுநீரகத்துக்கு இல்லை. எனவே வறண்ட நிலத்துப் பல்லிகள் கழிவை யூரிக் அமிலமாக மாற்றி, ஏறக்குறையத் திடப்பொருளாகவே வெளியேற்றித் தண்ணீரை மிச்சப்படுத்துகின்றன. தாடி ஓணானுக்கும் அதே ஏற்பாடுதான். வெள்ளைப் பகுதி மென்மையாக, பசை போல இருந்தால் உடலில் நீர் இருக்கிறது. மஞ்சளாகி, சாக்குக்கட்டி போலக் கெட்டியாகி, நசுக்கினால் பொடியாக உதிர்ந்தால் நீர் குறைந்துவிட்டது. ஒருமுறை அப்படி இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. தொடர்ந்து மூன்று நான்கு எச்சங்கள் அப்படியே இருந்தால் அஞ்சத்தான் வேண்டும். ஏனெனில் வெளியேறாத யூரிக் அமிலம் இரத்தத்தில் தேங்கி, படிகமாகி, மூட்டுகளிலும் சிறுநீரகத்திலும் படியும். மனிதர்களுக்கு 'கௌட்' என்று சொல்கிறோமே, அதே நோய். ஓணானால் வலியைச் சொல்ல முடியாது என்பது மட்டுமே வேறுபாடு.

கண் குழிவது, வாய்க்குள் உமிழ்நீர் நூல் நூலாக ஒட்டுவது, விலாப்பக்கத்துத் தோலை மெல்லக் கிள்ளி விட்டால் மடிப்பு உடனே அடங்காமல் நிற்பது ஆகியவை பிந்தி வரும் அறிகுறிகள். தோல் மடிப்பை மட்டும் நம்ப வேண்டாம். நல்ல உடல்நிலையிலும் இதன் தோல் தளர்வாகத்தான் இருக்கும். சமையலறை டிஜிட்டல் தராசில் வாரம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வைப்பது இவை எல்லாவற்றையும்விட நம்பகமானது. 400 கிராம் இருந்த ஓணான் 360 கிராமுக்கு இறங்கினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தினமும் அரை மணி நேரம் தண்ணீரில் உட்கார வைத்தால் தோல் வழியாகவே நீரை உறிஞ்சிக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். அப்படியே செய்து வருகிறோம். இது போதுமா?
வாசகர், பாலக்கோடு

இந்த நம்பிக்கை மிகவும் பரவிவிட்டது. தவளை தோல் வழியே நீரை ஏற்கும். ஓணானின் செதில்தோல் நீர் உள்ளே போகாமலும் வெளியே வராமலும் தடுப்பதற்கென்றே அமைந்தது. குளியலின்போது உங்கள் ஓணான் தலையைத் தாழ்த்தி நக்கிக் குடித்தால் அந்த அளவுக்கு அதற்குத் தண்ணீர் கிடைத்தது; குடிக்காமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நனைந்தது மட்டுமே மிச்சம். உங்கள் அக்கறையைக் குறை சொல்லவில்லை. குளிப்பாட்டியாயிற்று என்ற நிறைவில் கீரைத்தட்டு வாடிக் கிடப்பதைக் கவனிக்காமல் விடுவதுதான் என் கவலை.

குளியலுக்கு வேறு பயன்கள் உண்டு. தோல் உரிக்கும் காலத்தில் இதமாக இருக்கும். மலச்சிக்கல் உள்ளவை வெதுவெதுப்பான நீரில் எளிதாகக் கழிக்கும். வாரம் ஒருமுறை, 32 முதல் 35 டிகிரி வரையிலான வெதுவெதுப்பில், முன்காலின் முட்டி அளவே நீர் விட்டு, பத்து நிமிடம் போதும். கண்ணை எடுக்காமல் அருகிலேயே இருங்கள். பிறகு துணியால் ஒற்றி விளக்கின் கீழ் விடுங்கள். மாலைக்கு மேல் வேண்டாம். குளிப்பாட்டும் பாத்திரம் ஓணானுக்கு மட்டுமே இருக்கட்டும். பாத்திரம் கழுவும் தொட்டியில் குளிப்பாட்டவே கூடாது. நலமாக இருக்கும் ஊர்வனவின் குடலிலும் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். அதைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவும் பழக்கம், குறிப்பாகச் சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், கட்டாயம் வேண்டும்.

எங்கள் ஓணான் விளக்கின் கீழ் வாயைத் திறந்தபடியே இருக்கிறது. தாகம் என்று எண்ணி ஒரு நாளில் நான்கைந்து முறை ஸ்பிரே பாட்டிலால் தொட்டி முழுவதும் நீர் தெளிக்கிறேன். மார்கழி தொடங்கியதிலிருந்து சோர்வாக இருக்கிறது.
வாசகி, ஓசூர்

உடனே தெளிப்பதை நிறுத்துங்கள், அம்மா. சூடேறும் இடத்தில் அது வாயைத் திறந்திருப்பது பெரும்பாலும் தாகத்தால் அல்ல. போதுமான வெப்பம் ஏறியதும் மிகுதியை வாயின் ஈரத்தின் வழியே ஆவியாக்கி விடுகிறது. நாய் வெயிலில் நாக்கைத் தொங்கவிடுவதைப் போன்றதுதான். குளிர்ந்த பக்கத்தில் இருக்கும்போதும் வாயைத் திறந்தால், மூச்சில் சத்தமோ மூக்கில் குமிழியோ வந்தால், அது சுவாச நோய், காத்திருக்கக் கூடாது.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழி இரவின் குளிரும் நனைந்த தொட்டியும் சேர்ந்தால் நுரையீரல் பாதிக்கப்படும். தொட்டிக்குள் காற்றின் ஈரப்பதம் 30 முதல் 40 விழுக்காடு வரை இருப்பது நல்லது. ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். சூடேறும் இடத்தில் 38 முதல் 42 டிகிரி, எதிர்ப்பக்கத்தில் 25 முதல் 29 டிகிரி இருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றிக் கேட்டதற்கு வெப்பத்தைப் பற்றிச் சொல்கிறேனே என்று எண்ண வேண்டாம்: உடல் சூடேறாத ஓணானுக்குக் குடலும் வேலை செய்யாது, சிறுநீரகமும் வேலை செய்யாது, கொடுத்த நீரும் உணவும் உள்ளே பயன்படாமலே கிடக்கும். குளிர்காலத்தில் சில ஓணான்கள் இயல்பாகவே அதிகம் தூங்கி உணவைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் எடை குறையாத வரைதான் அதை இயல்பு என்று கொள்ளலாம்.

இதே விளக்கை தருமபுரி வாசகர்கள் சித்திரை வெயிலிலும் நாள் முழுவதும் எரிய விடுவது எதிர்த்தவறு. அறையே 36 டிகிரியில் கொதிக்கும்போது ஒதுங்கக் குளிர்ந்த மூலை இல்லாத ஓணான், எவ்வளவு நீர் கொடுத்தாலும் வற்றிவிடும். அத்தகைய பகல்களில் சூட்டு விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதாக் குழல்விளக்கை மட்டும் எரிய விடுங்கள்.

எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். அதை ஓணானுக்குக் கொடுக்கலாமா?
வாசகர், பென்னாகரம்

இவ்விரு மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு பல ஊர்களில் மிகுந்திருப்பதும், பல்லில் கறையும் எலும்பில் வலியுமாக மக்கள் அதைச் சுமந்ததும், அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததும் உங்களுக்குத் தெரிந்தவைதான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு உள்ள நீர் மனிதருக்கு ஆகாது. ஓணானுக்குத் தனி அளவு தேடிக்கொண்டிருக்க வேண்டாம். உங்கள் குழந்தைக்குக் கொடுக்காத தண்ணீரை அதற்கும் வைக்காதீர்கள். காவிரிக் குடிநீர் வந்தால் அதையே கொடுங்கள், வடிகட்டிய ஆர்.ஓ. நீரும் சரியே, அதற்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து உணவிலிருந்தும் கால்சியம் பொடியிலிருந்தும் வரும்.

எங்கள் தோட்டத்தில் பட்டுப்புழு வளர்க்கிறோம். ஓணானுக்குப் புழுவும் முசுக்கொட்டை இலையும் தரலாமா? மாம்பழம், வெள்ளரி, தர்ப்பூசணி எவ்வளவு தரலாம்?
வாசகர், கிருஷ்ணகிரி

நகரத்தில் வளர்ப்பவர்கள் தேடி அலையும் உணவு உங்கள் வளர்ப்பு மனையிலேயே இருக்கிறது. உயிருள்ள பட்டுப்புழுவின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். கடைகளில் டப்பாவில் விற்கும் உலர்ந்த புழுக்களில் நீர் இல்லவே இல்லை என்று சொல்லலாம். அவற்றையே தின்று வளரும் ஓணான்களில்தான் மலச்சிக்கலை நான் அதிகம் காண்கிறேன். ஆனால் ஓர் எச்சரிக்கை: படுக்கையில் தூவும் கிருமிநாசினிப் பொடி புழுவின் உடலில் ஒட்டியிருக்கும். இளம்புழுக்களாகச் சிலவற்றைத் தனியே எடுத்து, மருந்து தெளிக்காத இலை போட்டுச் சில நாட்கள் வளர்த்த பிறகு கொடுங்கள். ஓணானின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பருத்த புழு வேண்டாம். தளர்ந்தோ நிறம் மாறியோ இருப்பதும் வேண்டாம். மருந்தடிக்காத முசுக்கொட்டை இலையும் நல்ல உணவு; முருங்கைக்கீரை, செம்பருத்தி இலை, செம்பருத்திப் பூ ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பசலை, சிறுகீரை, முளைக்கீரை ஆகியவற்றில் ஆக்சலேட் மிகுதி. அது கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அன்றாட உணவாக அவை வேண்டாம்.

வெள்ளரிக்காய் நீருக்கு உதவும், சத்துக்கு உதவாது. கீரையின்மேல் இரண்டு துண்டு தூவலாம். மாம்பழமும் தர்ப்பூசணியும் சர்க்கரை. உங்கள் ஊர்ப் பழம் எவ்வளவு இனித்தாலும் நகத்தளவுத் துண்டு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை, அவ்வளவே.

கோடையில் இளநீரோ மோரோ தரலாமா?
வாசகி, ஊத்தங்கரை

இரண்டும் வேண்டாம். பாலைச் செரிக்கும் அமைப்பு ஊர்வனவற்றுக்கு இல்லை. இளநீரில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் தளர்ந்த ஓணானுக்கு அதுவே ஆபத்தாகும். வெறும் தண்ணீர் போதும்.

எங்கள் ஓணான் ஐந்து நாட்களாக எதையும் தொடவில்லை, கண் குழிந்துவிட்டது. சிரிஞ்சால் வாயைத் திறந்து ஓ.ஆர்.எஸ். கரைசலை ஊற்றலாமா?
வாசகர், அரூர்

ஊற்ற வேண்டாம். ஓணானின் மூச்சுக்குழலின் திறப்பு நாக்கின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது. சோர்ந்த உயிரின் வாயைப் பிளந்து நீரைப் பீய்ச்சினால் அது நுரையீரலுக்குள் போய்விடும். உதட்டு நுனியில் வெறும் தண்ணீரைச் சொட்டிப் பாருங்கள். நக்கினால் கொடுங்கள், நக்காவிட்டால் நிறுத்திவிடுங்கள். இந்த நிலையில் அதற்குத் தேவைப்படுவது மருத்துவர் ஊசி வழியே தோலுக்கடியில் செலுத்தும் திரவம். அதன் அளவு எடையைப் பொறுத்தது என்பதால் வீட்டில் செய்யக் கூடியதல்ல. எல்லாக் கால்நடை மருந்தகங்களிலும் ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தருவதில்லை. எனவே முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். ஓசூர்ப் பக்கத்து வாசகர்களுக்குப் பெங்களூருதான் பக்கம். காற்றுத்துளையிட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துண்டில் சுற்றி ஒரு பக்கமாக வைத்து, பேருந்தில் வெயில் படாத இருக்கையில் கொண்டு செல்லுங்கள். கடைசியாகப் போட்ட எச்சத்தையும் ஒரு சிறு டப்பாவில் எடுத்துப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றே கிளம்புங்கள்.