அப்பாவின் அறுநூறு புத்தகங்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா காலமாகி ஓராண்டு ஆகப்போகிறது. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சேர்த்த புத்தகங்கள் அறுநூறு இருக்கும். வீட்டை விற்கிறோம். எடைக்குப் போட மனம் வரவில்லை. ஊர்க் கிளை நூலகத்தில் போய்க் கேட்டேன். "அவ்வளவு வேண்டாம் சார், நல்லதாப் பாத்து ஒரு முப்பது குடுங்க" என்றார் நூலகர் அம்மா. அப்பா பெயரில் தனி அலமாரி வைக்க முடியுமா என்றதற்குச் சிரித்துவிட்டார். சும்மா கொடுப்பதைக்கூட வாங்கிக்கொள்ள மாட்டார்களா? பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்த காலத்துக் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் இருக்கிறது. சோவியத் காலத்தில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் பதிப்புகள், வார இதழ்களிலிருந்து எடுத்து அப்பா பைண்டு செய்த தொடர்கதைகள், இலங்கையில் அச்சான சில நூல்கள் எல்லாம் உண்டு. என்ன செய்வது?

எஸ்., தஞ்சை மாவட்டம்

*

அன்புள்ள எஸ்.,

அந்த அம்மா சொன்னது சரியான பதில். ஏன் என்று அவர் விளக்கியிருக்கலாம். ஒற்றை ஆளாக நூலகத்தைத் திறந்து, கூட்டி, புத்தகம் கொடுத்து வாங்கி, கணக்கும் எழுதுகிறவருக்கு அதற்கு நேரம் இருந்திருக்காது.

நீங்கள் கொடுப்பது இலவசம்தான். ஆனால் வாங்கிக்கொள்வதில் அவருக்குச் செலவு இருக்கிறது. ஒரு நூல் உள்ளே வந்தால், நூலகர்கள் அக்செஷன் ரிஜிஸ்டர் என்று சொல்லும் சேர்க்கைப் பதிவேட்டில் அதற்கு ஒரு வரி எழுத வேண்டும்: வரிசை எண், தேதி, ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு, பக்கம், விலை, எப்படி வந்தது. அதே எண்ணை முகப்புப் பக்கத்தின் பின்னாலும், நூலகத்தார் மட்டும் அறிந்த ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் எழுதி முத்திரை குத்துவார்கள். முகப்பைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களைப் பிடிப்பதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. பிறகு நூல் எந்த வகை என்று காட்டும் பகுப்பு எண் போட வேண்டும், முதுகில் சீட்டு ஒட்ட வேண்டும், கடைசியில் தேதிச் சீட்டு ஒட்ட வேண்டும். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் கோலன் பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகமானால் தமிழ் நாவலின் முதுகில் 'ஓ 31,3' என்று இருக்கும். ஆங்கில எழுத்தான ஓ இலக்கியத்தையும் 31 தமிழையும் 3 புனைகதையையும் குறிக்கும். இதற்கெல்லாம் நூலுக்குப் பத்து நிமிடம் என்று வைத்தாலும் அறுநூறு நூலுக்கு நூறு மணி நேரம் ஆகும்.

இடத்தையும் கணக்குப் பாருங்கள். மூன்றடி அகலமுள்ள ஒரு தட்டில் சராசரியாக 35 புத்தகம் நிற்கும். உங்களுடையவற்றுக்குப் பதினேழு தட்டு வேண்டும். ஆறு தட்டுள்ள இரும்பு ரேக் என்றால் மூன்று. பல கிளை நூலகங்களில் மூன்று ரேக் வைக்கிற இடத்தில் செய்தித்தாள் மேசை கிடக்கிறது. அந்த மேசையை எடுத்தால் காலையில் வருகிற பெரியவர்கள் எங்கே உட்காருவார்கள்?

இவை இரண்டையும்விடப் பெரிய தலைவலி வேறு. பதிவேட்டில் ஏறிய புத்தகத்தை இறக்குவது ஏற்றுவதைவிடப் பல மடங்கு கஷ்டம். ஏறிய நாளிலிருந்து அது அரசுச் சொத்து. இருப்புச் சரிபார்க்க வரும்போது இல்லையென்றால் நூலகர்தான் பதில் சொல்ல வேண்டும். மத்திய அரசு நூலகங்களுக்கான பொது நிதி விதிகள் (2017, விதி 215) ஓராண்டில் வாசகர் கைக்குப் போன ஆயிரம் நூலுக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று ஒப்புக்கொள்கின்றன. அதில் அலட்சியமோ நேர்மையின்மையோ இருக்கக் கூடாது. ஆனால் அந்த விதி மாநில நூலகங்களைக் கட்டுப்படுத்தாது. புத்தகத்தைப் பூட்டி வைக்கிற நூலகர் என்று நாம் திட்டுகிறவர்களில் பாதிப் பேர் இந்த பயத்தில் பூட்டி வைப்பவர்கள். கிழிந்ததையும் காலாவதியானதையும் கழிப்பதற்கும் பட்டியல் போட்டு, மேலிடத்து ஒப்புதல் வாங்கி, அதன் பிறகுதான் வெளியே எடுக்க முடியும். நூலகம் வளரும் உயிர் என்றார் ரங்கநாதன், 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் கடைசி விதியாக. வளர்கிற உயிர் கழிக்கவும் வேண்டும். நம் நூலகங்களில் அந்த வழி அநேகமாக அடைபட்டுக் கிடக்கிறது.

ஆகவே முதல் வேலை, புத்தகத்தை ஆட்டோவில் ஏற்றுவதல்ல, பட்டியல் எழுதுவது. தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, விலை, நிலை என்று ஆறு பத்தி போதும். விலையை விட்டுவிடாதீர்கள், பதிவேட்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்க முடியாது. எழுதும்போதே மூன்று குவியலாகப் பிரியுங்கள்.

முதல் குவியல் கிளை நூலகத்துக்கு. சிறுவர் நூல்கள், கட்டுக் குலையாத நாவல்கள், வாழ்க்கை வரலாறுகள், சமையல், பக்தி நூல்கள். பக்தி நூலா என்று முகம் சுளிக்க வேண்டாம், எடுத்துப் போக ஆள் இருக்கிறது. பழைய டிஎன்பிஎஸ்சி கையேடுகளை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பாடத்திட்டம் மாறிய பின் அது தேர்வுக்குப் படிக்கிற பிள்ளையைத் தப்பான வழியில் விடும். பழைய சட்ட நூலும் மருத்துவக் குறிப்பும் அப்படியே. இந்த மூன்றையும் எடைக்குப் போடுவதில் ஒரு பாவமும் இல்லை.

கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் விரித்துத் தட்டிப் பாருங்கள். ஊசி முனை அளவுக்கு வட்டத் துளையும் மாவு மாதிரிப் பொடியும் இருந்தால் உள்ளே புழு உயிரோடு இருக்கலாம். அப்படி ஒன்று போய்ச் சேர்ந்தால் அந்த ரேக்கே போயிற்று. அந்துருண்டை இதற்கு உதவாது. உள்ளே துளைத்துப் போனதை அது ஒன்றும் செய்வதில்லை. அவற்றைத் தனியே பாலிதீன் பையில் கட்டி ஒதுக்குங்கள். மற்றவற்றை நிழலில் காற்றாட விரித்து வையுங்கள். வெயிலில் போட்டால் அறுபது எழுபதுகளின் மலிவுத் தாள் இன்னும் பழுத்து முறியும். கிழிசலுக்கு செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், பசைக் கறை எழுத்தோடு ஊறி நிற்கும்.

இரண்டாவது குவியல் ஆவணக் காப்புக்கு உரியது. பைண்டு செய்த தொடர்கதைகள் இதில்தான் சேரும். கிளை நூலகத்துக்கு அவை சுமை, ஆய்வாளருக்குப் பொக்கிஷம். கதை நூலாகவும் வந்திருக்கும், ஆனால் ஓவியரின் படமும் பக்கத்து விளம்பரமும் நூலில் வராது. அதனால் அழகுபடுத்துகிறேன் என்று ஓரத்தை வெட்டவோ விளம்பரப் பக்கத்தை உருவவோ வேண்டாம். எந்த இதழ், எந்த ஆண்டு என்று அப்பா குறித்திருக்கிறாரா பாருங்கள். இல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிந்ததை ஒரு தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள். சென்னைத் தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூர்க்காரர் ஒருவர் தனியாகச் சேர்த்த தொகுப்பிலிருந்து 1994இல் உருவானது; புதுக்கோட்டை ஞானாலயா நூலகமும் தனியார் சேகரிப்புதான். இருவருக்கும் பட்டியலை அனுப்பிக் கேளுங்கள். தங்களிடம் இல்லாததை மட்டும் கேட்பார்கள், அது முறைதான். இலங்கையில் அச்சான நூல்களின் பட்டியலை 'நூலகம்' என்றே பெயர் கொண்ட நிறுவனத்துக்கு அனுப்புங்கள். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்குவதே அவர்களுடைய வேலை. கலைக்களஞ்சியம் தமிழ் இணையக் கல்விக்கழகத் தளத்தில் முழுதாக இருக்கிறது. அச்சுப் பிரதியை ஒரு பள்ளி வாங்கிக்கொண்டால் மகிழ்ச்சி, இல்லையென்றால் வருந்த ஒன்றுமில்லை. மாஸ்கோ பதிப்புகளில் சிறுவர் நூல்களைக் கடைசிவரை வைத்திருங்கள். அவற்றைத் தேடி அலைகிறவர்கள் உண்டு, பழைய புத்தகக் கடைக்காரருக்கும் அது தெரியும்.

மூன்றாவது குவியல் மீதமெல்லாம். சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் சிறைவாசிகளுக்காக நூல் பெற்றிருக்கிறார்கள். நல்ல நிலையில் உள்ள நாவல்களுக்கு அது ஓர் இடம்.

கிளை நூலகத்துக்கான பட்டியலை மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு கடிதத்தோடு அனுப்பி, நகலை அந்த அம்மாவிடம் கொடுங்கள். கடிதத்தில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்: "தேவையானவற்றை எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பித் தரலாம்; எனக்கு நிபந்தனை எதுவும் இல்லை." பாதிக் கதவு அந்த வரியிலேயே திறந்துவிடும்.

தனி அலமாரி ஆசையை விட்டுவிடுங்கள். அப்பாவின் நாவல் மற்ற நாவல்களோடு நின்றால்தான் யாராவது எடுப்பார்கள். பெயர்ப்பலகை போட்ட கண்ணாடி அலமாரியின் சாவி பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். பெயர் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு நூலிலும் அட்டையின் உட்புறம் தீப்பெட்டி அளவில் 'இன்னார் நினைவாக' என்று ஒரு சீட்டு ஒட்டலாம். பசையை ஓரத்தில் மட்டும், மெல்லத் தடவுங்கள். பூச்சிக்கு மாவுப் பசை பிடிக்கும். பைண்டர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது அதனால்தான். இன்னொரு வழி, அப்பா பெயரில் 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆவது. நூலகத்துப் பலகையில் பெயர் ஏறும்.

"இவர்களை நம்பியா" என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. 1948இல் வந்த பொது நூலகச் சட்டப்படி சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறீர்கள். இப்போது ரூபாய்க்குப் பத்து பைசா. இரண்டாயிரம் வரி என்றால் இருநூறு நூலகத்துக்கு. ரசீதைப் பாருங்கள், தனியாகக் காட்டியிருக்கும். அந்த இருநூறு எங்கே போகிறது, புதுப் புத்தகம் ஏன் வரவில்லை என்று கேட்கிற உரிமை உங்களுக்கு முழுதாக உண்டு. அதை நூலகத்தின் வாசகர் வட்டக் கூட்டத்தில் கேளுங்கள், அந்த அம்மாவிடம் கேட்காதீர்கள்.

பட்டியலோடு போகும்போது வெள்ளிக்கிழமை வேண்டாம், அன்று வார விடுமுறை. மற்ற நாளில், செய்தித்தாள் கூட்டம் கலைந்த பிறகு போங்கள். சீட்டு ஒட்டவும் பதிவேடு எழுதவும் ஒரு வாரம் உங்களோடு உட்கார்ந்து உதவுகிறேன் என்று சொன்னீர்களானால் முப்பது என்றவர் நூறு எடுத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.