டிரெய்லர் கூரையில் சோலார்: துண்டிப்பு சுவிட்சை எங்கே, எப்படிப் பொருத்துவது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வசிக்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "வண்டியில் இணைத்து இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான எங்கள் டிராவல் டிரெய்லரின் கூரையில் 200 வாட் சோலார் பேனல்கள் இரண்டைத் தொடர் இணைப்பில் பொருத்தி, 30 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிச் சார்ஜ் செய்யும் கருவி) வழியாக லித்தியம் பேட்டரிக்கு மின்சாரம் எடுக்கிறோம். குளிர்காலத்தில் வண்டியை நிறுத்தும்போது பேட்டரி சுவிட்சை அணைத்துவிடுகிறேன். அப்படியும் கன்ட்ரோலர் சார்ஜ் ஏறுவதாகவே காட்டுகிறது. பேனல்களைத் தனியே துண்டிக்க ஒரு சுவிட்ச் வைக்க வேண்டுமா? கையில் 300 ஆம்பியர் பேட்டரி சுவிட்ச் ஒன்று இருக்கிறது, அதுவே போதுமா?"

சுவிட்ச் அவசியம் வேண்டும். ஆனால் கையில் இருக்கும் அந்தச் சுவிட்ச் வேண்டாம். பல டிரெய்லர்களில் கன்ட்ரோலரின் வயர் பேட்டரி முனையுடன் நேரடியாக இணைக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட பேட்டரி சுவிட்ச், விளக்கு, விசிறி, தண்ணீர்ப் பம்ப் ஆகியவற்றுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுமே நிறுத்தும். உங்கள் வண்டியிலும் அப்படித்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. ஆகவே பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில்தான் புதிய சுவிட்ச் வர வேண்டும்.

அந்த 300 ஆம்பியர் சுவிட்சை ஏன் மறுக்கிறேன் என்றால், இங்கே தீர்மானிக்கும் அளவு ஆம்பியர் அன்று, வோல்ட். பேட்டரி சுவிட்சுகள் பலவற்றில் ஆம்பியர் பெரிய எழுத்தில் இருக்க, 48 வோல்ட் வரைக்கும்தான் பயன்படுத்தலாம் என்ற வரம்பு பொடி எழுத்தில் இருக்கும். 200 வாட் பேனல் ஒன்றின் திறந்த சுற்று மின்னழுத்தம், அதாவது எதனுடனும் இணைக்காதபோது அது தரும் மின்னழுத்தம், ஏறக்குறைய 24 வோல்ட். தொடர் இணைப்பில் இரண்டும் சேர்ந்து 48 வோல்ட். இது 25 டிகிரி செல்சியஸில் அளந்த கணக்கு. குளிர் கூடக் கூட, ஒவ்வொரு டிகிரிக்கும் மின்னழுத்தம் ஏறத்தாழ 0.3 சதவீதம் ஏறும். உங்கள் ஊரில் சுழியத்துக்குக் கீழே 20 டிகிரி உள்ள ஒரு தெளிந்த காலையில், சூரியன் எழுந்ததும் அதே பேனல்கள் 54 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். சுவிட்ச் அணைந்திருக்கும்போது அந்த 54 வோல்ட்டும் அதன் இரு முனைகளுக்கு இடையேதான் நிற்கும்.

வீட்டில் பயன்படும் ஏசி சுவிட்சையோ பிரேக்கரையோ வைக்க நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கும் சேர்த்தே இதைச் சொல்கிறேன். அமெரிக்க வீட்டு மின்சாரம் நொடிக்கு 120 முறை சுழியத்தைத் தொட்டு மீளுவதால், தொடர்பு முனைகள் பிரியும்போது இடைவெளியில் தாவி எரியும் பொறியான மின்வில் தானே அணைந்துவிடும். பேனலிலிருந்து வருவது டிசி மின்சாரம்; அது சுழியத்தைத் தொடுவதே இல்லை என்பதால், மின்வில் அணையாமல் நின்று முனைகளை உருக்கும். சாதாரண விளக்குச் சுவிட்ச் ஒன்றைச் சோலாருக்குப் பொருத்தியிருந்த டிரெய்லர் ஒன்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். நெம்புகோல் 'ஆஃப்' நிலையில்தான் இருந்தது. உள்ளே செப்பு முனைகள் கருகிக் குழி விழுந்து, ஒரு மூலையில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மீட்டர் முழு மின்னழுத்தத்தையும் காட்டியது. அணைந்ததாக நம்ப வைத்துவிட்டு அணையாமலிருக்கும் சுவிட்சைக் காட்டிலும், சுவிட்சே இல்லாமலிருப்பது மேல்.

எனவே நீங்கள் வாங்க வேண்டியது, குறைந்தது 100 வோல்ட் டிசிக்கு மதிப்பிடப்பட்ட, நேர், எதிர் ஆகிய இரண்டு வயர்களையும் ஒருசேரத் துண்டிக்கும் இருமுனை டிசி பிரேக்கர் அல்லது ஐசொலேட்டர் (கையால் திருப்பும் துண்டிப்பு சுவிட்ச்). ஆம்பியர் கணக்கு எளிது. பேனலின் பின்புறத் தாளில் உள்ள குறுக்குச் சுற்று மின்னோட்டத்தை, அதாவது இரு வயர்களும் நேரடியாகத் தொட்டால் ஓடும் மின்னோட்டத்தை, 1.56 ஆல் பெருக்க வேண்டும். இது அமெரிக்கத் தேசிய மின் விதித்தொகுப்பின் 690ஆவது பிரிவு சோலாருக்குச் சொல்லும் 1.25 மடங்கை இருமுறை பெருக்கி வரும் எண். வெயில் எதிர்பார்த்ததை விடக் கடுமையாக இருப்பதற்கு ஒரு முறை, மணிக்கணக்கில் இடைவிடாமல் மின்சாரம் ஓடுவதற்கு மற்றொரு முறை. உங்கள் பேனலில் அது 10.4 ஆம்பியர் என்றால் விடை 16.2, ஆகவே 20 ஆம்பியர் பிரேக்கர் போதும். பின்னாளில் பேனல்களைப் பக்க இணைப்புக்கு மாற்றினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும். அப்போது பிரேக்கரையும் வயரின் தடிமனையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

வாங்கும்போது இன்னொன்றையும் பாருங்கள். சில டிசி பிரேக்கர்களில் + மற்றும் – குறிகள் இருக்கும். மின்வில்லை அணைக்கும் அறைக்குள் தள்ள அவற்றுக்குள் ஒரு காந்தம் உண்டு. வயரைத் திருப்பி இணைத்தால் அதே காந்தம் மின்வில்லை எதிர்ப்பக்கம் தள்ளி, பிரேக்கரையே எரித்துவிடும். திசைக் குறி இல்லாத வகையை வாங்கினால் இந்தக் கவலை இல்லை.

இடம்: கன்ட்ரோலருக்கு அருகே, சாமான் அறைச் சுவரில், பெட்டிகள் உருண்டு மோதாத உயரத்தில், அவசரத்தில் கை எட்டும்படி. புரொப்பேன் சிலிண்டர் அறையில் வேண்டவே வேண்டாம். ஈய அமில பேட்டரி இருக்கும் பெட்டியும் கூடாது. சார்ஜ் ஆகும்போது அது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும், சுவிட்சின் சிறு பொறியே அதற்குப் போதும்.

வேலையைத் தொடங்குமுன் பேனல்களை ஒளி புகாத தார்ப்பாயால் முழுதாக மூடிக் கட்டுங்கள், அல்லது இருட்டிய பின் செய்யுங்கள். வெயிலில் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பேனல் வயர்களைக் கோக்கும் எம்.சி.4 இணைப்பியைப் பிடுங்கக் கூடாது. அங்கேயும் அதே மின்வில்தான். மீட்டர் வைத்துப் பார்த்து, மின்னழுத்தம் இல்லை என்று உறுதியான பிறகே வயரை வெட்டுங்கள். இழைகளாக உள்ள வயரின் முனைக்கு ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழலைப் போட்டு அழுத்தி, திருகை இறுக்கியபின் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். டிரெய்லர் சாலையில் குலுங்கிக்கொண்டே போகும் வீடு என்பதால், முதல் பயணம் முடிந்ததும் திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

பலர் தவறாக எண்ணும் ஒன்று: இந்தப் பிரேக்கர் உங்கள் வயருக்குக் காவல் அன்று. பேனல் வயர் எங்காவது உரசிக் குறுக்குச் சுற்று ஆனாலும் 10.4 ஆம்பியருக்கு மேல் பெரிதாக ஏறாது. 20 ஆம்பியர் பிரேக்கர் அசையாது. ஆயிரக்கணக்கான ஆம்பியரைக் கொட்டக்கூடியது பேட்டரிதான். ஆகவே கன்ட்ரோலரிலிருந்து பேட்டரிக்குப் போகும் நேர் வயரில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், லித்தியத்துக்கு ஏற்ற 40 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்க வேண்டும். அந்த வயரும் 40 ஆம்பியரைத் தாங்குவதாக இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் சுவிட்சுக்கு முன்பே அதைச் செய்யுங்கள்.

துண்டிக்கும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. இணைக்கும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கன்ட்ரோலர் எந்த மின்னழுத்தத்தில் இயங்க வேண்டும் என்பதை பேட்டரியைப் பார்த்தே தீர்மானிக்கிறது; பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இணைந்திருப்பது அதற்கு ஆகாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியைச் சுழிய டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால், குளிர்கால நிறுத்தத்தில் இந்தச் சுவிட்ச் உங்களுக்கு இரட்டைப் பயன் தரும்.

எல்லாம் முடிந்ததும் நல்ல வெயிலில் சுவிட்சை அணைத்து, சில நிமிடங்கள் பொறுத்து, கன்ட்ரோலரின் பேனல் முனைகளில் மீட்டரை வையுங்கள். கன்ட்ரோலருக்குள் தேங்கிய மின்சாரம் வடிந்து, எண் சுழியத்துக்கு இறங்கினால் சுவிட்ச் சரியாக இருக்கிறது. இறங்காமல் நின்றால், வயரை வேறிடத்தில் வெட்டியிருக்கிறீர்கள், அல்லது சுவிட்சில் பழுது இருக்கிறது.