ஐ-ஸ்கொயர் 80 சதவீதம் வந்தால் அஞ்ச வேண்டுமா? மெட்டா பகுப்பாய்வு: கேள்வி பதில்

பல ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்து ஒரே மதிப்பீடாக்குவதுதான் மெட்டா பகுப்பாய்வு. அப்படிச் சேர்க்கும்போது, அவை தமக்குள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை அளப்பது குறித்து வந்த கேள்விகள் இவை. ஐ-ஸ்கொயர் அதற்கான அளவுகளில் ஒன்று.

முதுநிலை மாணவி: எந்த இரண்டு ஆய்வுகளும் ஒரே விடையைத் தருவதில்லை. பிறகு ஏன் வேறுபாட்டைத் தனியாக அளக்க வேண்டும்?

ஒரே மருந்தை ஒரே வகை நோயாளிகளிடம் திரும்பத் திரும்பச் சோதித்தாலும் விடைகள் சற்று மாறும். அது தற்செயல். அதையும் மிஞ்சி வேறுபாடு இருக்கிறதா என்பதுதான் நம் கேள்வி. புள்ளியியலாளர் வில்லியம் காக்ரன் 1954இல் விளக்கிய கியூ அளவை இதற்குத்தான். ஒவ்வோர் ஆய்வும் கூட்டு மதிப்பிலிருந்து விலகும் தொலைவை வர்க்கப்படுத்தி, அந்த ஆய்வின் எடையால் (துல்லியமான ஆய்வுக்கு எடை அதிகம்) பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கியூ கிடைக்கும். தற்செயல் மட்டுமே காரணம் என்றால், அது ஆய்வுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான எண்ணை ஒட்டி வர வேண்டும்.

மருத்துவர்: என்னிடம் ஆறு ஆய்வுகள் உள்ளன. கியூ சோதனையில் பி மதிப்பு (தற்செயல் மட்டுமே என்றால் இவ்வளவோ அதற்கு மேலோ வேறுபாடு வரும் வாய்ப்பு) 0.18. 'வேறுபாடு இல்லை' என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். ஆய்வுகள் குறைவாக இருக்கும்போது அந்தச் சோதனைக்கு வலு குறைவு. அதனால்தான் பலர் 0.05க்குப் பதில் 0.10ஐ எல்லையாக வைக்கிறார்கள். 'வேறுபாட்டுக்குத் தெளிவான சான்று கிடைக்கவில்லை' என்பதுதான் நேர்மையான வாக்கியம்.

ஆராய்ச்சி மாணவர்: ஐ-ஸ்கொயர் 82 சதவீதம் வந்திருக்கிறது. 75ஐத் தாண்டினால் ஆய்வுகளைச் சேர்க்கவே கூடாது என்கிறார் என் வழிகாட்டி. சரியா, ஐயா?

அப்படி ஒரு விதி கிடையாது. புள்ளியியலாளர்கள் ஹிக்கின்ஸும் தாம்சனும் 2002இல் முன்வைத்த இந்த அளவு ஒரு விகிதம். கண்ணில் படும் மொத்த வேறுபாட்டில் எத்தனை பங்கு தற்செயலால் வந்ததல்ல என்பதை அது சொல்கிறது. வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை அது சொல்வதே இல்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் நல்ல தரவுகள்கூட ஒதுக்கப்படுகின்றன. அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

கையால் போட்டுப் பாருங்கள். ஓர் ஆய்வில் ரத்த அழுத்தம் 4 மி.மீ. குறைகிறது, இன்னொன்றில் 8. இரண்டுக்கும் திட்டப்பிழை (மதிப்பீடு தற்செயலால் எவ்வளவு தள்ளாடலாம் என்பதன் அளவு) 2 என்றால், ஒன்றை அதன் வர்க்கத்தால் வகுக்கக் கிடைக்கும் எடை தலா 0.25, கூட்டு மதிப்பு 6, கியூ 2. கியூவான 2இலிருந்து, ஆய்வுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான 1ஐக் கழித்து, அந்தக் கியூவாலேயே வகுத்தால் ஐ-ஸ்கொயர் 50 சதவீதம். இப்போது ஆய்வுகளில் நான்கு மடங்கு ஆட்கள் இருந்ததாக வையுங்கள். திட்டப்பிழை 1 ஆகிறது, கியூ 8 ஆகிறது, ஐ-ஸ்கொயர் 87.5க்குத் தாவுகிறது. முடிவுகளோ அதே 4, அதே 8! ஆய்வுகள் துல்லியமாக ஆக ஆக இந்த எண் ஏறும். பெரிய கணக்கெடுப்புகளைச் சேர்க்கும் பகுப்பாய்வுகளில் 95க்கு மேல் வருவது இதனால்தான்.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் காக்ரேன் அமைப்பின் கையேடு ஐ-ஸ்கொயருக்குத் தரும் வரம்புகளும் (0–40, 30–60, 50–90, 75–100) ஒன்றின்மேல் ஒன்று படிந்தே இருக்கின்றன. கறாரான கோடு அங்கும் இல்லை. பெயர் ஒத்திருந்தாலும், அந்த அமைப்பு தாங்கியிருப்பது ஆர்ச்சி காக்ரேனின் பெயரை. கியூ தந்தவர் வேறு ஒருவர்.

அதே மாணவர்: அப்படியானால் வேறு எதைக் காட்டுவது?

டாவ் மதிப்பைக் காட்டுங்கள். அது உண்மை விளைவுகளின் திட்ட விலக்கம், அதாவது ஆய்வுக்கு ஆய்வு அவை எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. மி.மீ. கணக்கில் அளந்தால் மி.மீ.யிலேயே இருக்கும். கூடவே கணிப்பு இடைவெளியையும் (அடுத்து வரும் ஒரு சூழலின் உண்மை விளைவு விழக்கூடிய எல்லை) தாருங்கள். 12 ஆய்வுகள், கூட்டு மதிப்பு 6, அதன் திட்டப்பிழை 1, டாவ் 3 என்று கொள்வோம். சராசரி விளைவு இருக்கக்கூடிய எல்லையான நம்பக இடைவெளி ஏறத்தாழ 4 முதல் 8 வரை. பார்த்தவுடன் மனம் நிறையும். ஆனால் கணிப்பு இடைவெளி சுமார் −1 முதல் 13 வரை போகிறது. அதாவது சராசரியில் மருந்து வேலை செய்கிறது. அடுத்து வரும் ஒரு சூழலில் பலனே இல்லாமலும் போகலாம். மருந்து எழுதித் தரும் மருத்துவருக்குத் தேவைப்படும் செய்தி இதுதான்.

புள்ளியியல் ஆசிரியை: மூன்று ஆய்வுகளில் ஐ-ஸ்கொயர் சுழியம் வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?

இருக்க முடியாது. மூன்றே ஆய்வுகள் என்றால் அந்தச் சுழியத்தின் நம்பக இடைவெளி ஏறத்தாழ 90 சதவீதம் வரை நீளக்கூடும்.

செவிலியர்: ஆய்வுக்கு ஆய்வு உண்மை விளைவே மாறலாம் என்று கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட்ஸ் மாதிரிக்கு மாறிவிட்டால் வேறுபாடு சரியாகிவிடுமா?

ஆகாது. அந்த மாதிரி வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது, காரணத்தை விளக்குவதில்லை. சிறிய ஆய்வுகளுக்குக் கூடுதல் எடையும் கிடைத்துவிடும். எந்த மாதிரி என்பதை, சோதனை முடிவைப் பார்த்து அல்ல, தரவைத் தொடுவதற்கு முன்பே தீர்மானியுங்கள்.

இன்னொரு ஆராய்ச்சி மாணவி: ஏழு ஆய்வுகள்தான் உள்ளன. வயது, மருந்தளவு, சிகிச்சைக் காலம் மூன்றையும் வைத்து மெட்டா ரிக்ரெஷன் (இவற்றைப் பொறுத்து ஆய்வுகளின் முடிவு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் கணக்கு) செய்யலாமா?

வேண்டாம். ஒரு காரணிக்குக் குறைந்தது பத்து ஆய்வுகள் என்பது பொதுவான வழிகாட்டல். அதற்கு முன், மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் ஆய்வின் மூலக் கட்டுரையை எடுத்து எண்களைச் சரிபாருங்கள். திட்டப்பிழையைத் திட்ட விலக்கமாகப் பதிந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. 100 பேர் உள்ள குழுவில் திட்ட விலக்கம் 10 என்றால் திட்டப்பிழை 1. அந்த 1ஐத் திட்ட விலக்கமாகக் கொடுத்தால் மென்பொருள் அதை மறுபடி பத்தால் (100இன் வர்க்கமூலம்) வகுத்து 0.1 ஆக்கிவிடும். அந்த ஒரே ஆய்வின் எடை நூறு மடங்காகும், கியூவும் கண்டபடி ஏறும். ஒவ்வோர் ஆய்வின் நம்பக இடைவெளியையும் கோடாகக் காட்டும் வரைபடத்தில் ஒரு சிறிய ஆய்வுக்கு நம்பமுடியாத அளவுக்குக் குறுகிய கோடு தெரிந்தால், முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.