ஃபார்மில் எல்லோரும் ஒரு மணி நேரம்தானா?

தம்பி, "சமூக ஊடகமும் கல்லூரி வாழ்க்கையும்" புராஜெக்ட்டுக்கு கூகுள் ஃபார்ம் அனுப்பினால், பாதி வகுப்பு "தினமும் ஒரு மணி நேரம்தான்" என்று போட்டிருக்கிறது, கைடு நம்பவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கைடு பக்கம் நியாயம் இருக்கிறது. பொய் சொல்கிறார்கள் என்றில்லை, போனில் போகிற நேரம் யாருக்கும் கணக்கில் நிற்காது.

தினமும் கும்மிடிப்பூண்டி லோக்கலில்தானே வருகிறீர்கள்? கொருக்குப்பேட்டை பக்கம் வண்டி சிக்னலுக்கு நிற்கிற நேரமே போதும். கூட வருபவரிடம் முதலில் உத்தேசமாக எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அப்புறம் செட்டிங்ஸில் டிஜிட்டல் வெல்பீயிங்கைத் திறந்து (ஐபோன் என்றால் ஸ்கிரீன் டைம்) இன்ஸ்டா, யூடியூப் நேரத்தை அவரையே படிக்கச் சொல்லுங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், மற்ற ஆப் எல்லாம் அதில் தெரிந்துவிடும். வீட்டில் அந்த போனை வேறு யார் எடுக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். நம் பக்கத்து வீடுகளில் ராத்திரி தங்கச்சி பார்க்கிற ரீல்ஸும் அண்ணன் கணக்கில்தான் ஏறும்!

வாட்ஸ்அப்பைத் தனியாக வையுங்கள். ஹால் டிக்கெட் தகவலே வகுப்பு குரூப்பில்தான் வருகிறது, அது பொழுதுபோக்கு ஆகாது. டிக்டாக் கேள்வியை எடுத்துவிடுங்கள். 2020 ஜூனிலேயே தடை செய்துவிட்டார்கள். பழைய புராஜெக்ட்டில் சுட்டது என்று கைடு உடனே கண்டுபிடித்துவிடுவார்.