அம்மா வேலைய விடச் சொல்றா

அண்ணா, நான் வெள்ளவத்தைல வளந்தவ, இப்ப நியூ ஜெர்சில காலேஜ் 2ம் வருஷம். ஈ.எம்.டி. (ஆம்புலன்ஸ்ல அவசர சிகிச்சை குடுக்கிற ஆள்) கோர்ஸ் முடிச்சு கிழமைக்கு 24 மணித்தியாலம் ஆம்புலன்ஸ்ல வேலை. மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ண உதவும் எண்டுதான் தொடங்கினன், இந்த செமஸ்டர் ஓர்கானிக் கெமிஸ்ட்ரில சி வந்திட்டுது. கொழும்பில இருந்து அம்மா கோல் எடுத்து வேலைய விடு விடு எண்டுறா. எனக்கு மனமில்ல. என்ன செய்யட்டும்?
- ஒரு வாசகி

தங்கச்சி,

விட வேணாம், குறைங்க. 24 மணித்தியாலம் எண்டா மூண்டு முழு நாள் வேலை, அதோட ஓர்கானிக்கும் எண்டா சி வராம என்ன வரும்.

அம்மாவில பிழை இல்ல. எங்கட ஊர்ல மெடிசினுக்கு ஏ.எல். எண்ட பள்ளிக்கூடக் கடைசிச் சோதனையில எடுக்கிற இசட் ஸ்கோரும் (மற்றவங்களோட ஒப்பிட்டுப் போடுற புள்ளி) மாவட்டமும்தான், மூண்டு தரம் எழுதலாம், அவ்வளவுதான், நீங்க 1990க்கு கோல் எடுத்தா வாற ஆம்புலன்ஸ்ல நூறு பேரைக் காப்பாத்தினாலும் அதுக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது. அங்க டிகிரி முடிச்சுத்தான் மெடிக்கல் ஸ்கூல், விண்ணப்பத்தில செய்த வேலை, அனுபவம் எண்டு 15 போடலாம், அதில 3ஐ விரிவா எழுதலாம், அதால உங்கட ஷிஃப்டுக்கு மதிப்பு இருக்கு. ஆனா முதல் பாக்கிறது ஜி.பி.ஏ.யும் (காலேஜ் மார்க்ஸ் சராசரி) எம்கேட் எண்ட நுழைவுச் சோதனையும். விழுந்த ஜி.பி.ஏ.யைத் தூக்கிறது சரியான கஷ்டம், ஆம்புலன்ஸ் மணித்தியாலம் லீவிலயும் கூட்டலாம், டிகிரிக்குப் பிறகு ஒரு வருஷம் நிண்டும் கூட்டலாம், நிறையப் பேர் அப்பிடித்தான் செய்றாங்க.

நான் ஏ.எல். எழுதேக்க சோதனை ஆகஸ்ட்ல, கொழும்பு முருகன் தேர்த்திருவிழா ஆடி வேலும் கிட்டத்தட்ட அந்த நேரம்தான் வரும். ஃபர்ஸ்ட் எய்ட் பேக்கோட செட்டியார் தெருவில இருந்து பம்பலப்பிட்டி வரைக்கும் தேருக்குப் பின்னால நடந்தன். காலி வீதில ஒரு அம்மம்மா மயங்கி விழுந்திட்டா, சனம் சுத்தி நிண்டு காத்தை மறைக்குது, ஒரு மாமா வலிப்பு எண்டு சாவிக்கொத்தைக் கையில திணிக்கிறார். எல்லாரையும் விலத்திப்போட்டு காலைத் தூக்கி வச்சு, கண் முழிச்ச பிறகு கடைசியா எப்ப சாப்பிட்டீங்க எண்டு கேட்டன். "முந்தநாள் ராவு தம்பி, விரதம்" எண்டா. அடுத்த நாள் பிசிக்ஸ் கிளாஸில மேசையில நித்திரை. (மெடிசின் கிடைக்கேல்ல. பழிய முருகன்ல போட விருப்பமில்ல, நான் அந்த மாசம் நாலு இடத்துக்கு வொலன்டியரா போனனான்.)

கிழமைக்கு ஒரு ஷிஃப்ட், சனிக்கிழமை பகல் கிடைச்சா நல்லம். காலமை லெக்சர் இருந்தா முதல் நாள் ராவு டியூட்டி வேணவே வேணாம். எம்கேட்டுக்கு மூண்டு மாசம் இருக்கேக்க மாசத்துக்கு ஒண்டாக்குங்க, ஏழரை மணித்தியாலச் சோதனை அது, கோப்பி குடிச்சு சமாளிக்க ஏலாது. சூப்பர்வைசரோட இப்பவே கதைங்க, பிறகு கேட்டா ரோஸ்டர் போட்டு முடிஞ்சிருக்கும்.

ஷிஃப்ட் முடிய பத்து நிமிஷம் இருந்து எழுதி வைங்க, நோயாளிட பேர் அட்ரஸ் ஒண்டும் வேணாம், நீங்க என்ன கேட்டீங்க, அவங்க என்ன சொன்னாங்க எண்டு மட்டும். விண்ணப்பத்தில ஏன் டாக்டராக வேணும் எண்டு எழுதுறதுக்கு 5,300 எழுத்துத்தான் இடம், ஸ்பேஸும் சேத்து. "சேவை செய்ய ஆசை" எண்டு எல்லாரும்தான் எழுதுவாங்க, எனக்கு அந்தத் தேர் அம்மம்மா மாதிரி உங்களுக்கும் ஒரு ஆள் அந்த நோட்புக்கில இருந்துதான் வருவா.

புது ரோஸ்டர் வந்த உடன ஃபோட்டோ எடுத்து அம்மாக்கு வாட்ஸ்அப் பண்ணுங்க, கோல் குறையும்.