வாசகர் கேள்வி–பதில்: கொதிநீரில் உருகும் உலோகத்தில் அச்சு வார்க்கலாமா?

கேள்வி: பனங்கட்டி அடுக்கி விற்பதற்கான பிளாஸ்டிக் தட்டுகளை, சூடாக்கிய தாளை அச்சின் மீது காற்றை உறிஞ்சிப் படியவைக்கும் வெற்றிட முறையில் செய்ய விரும்புகிறேன். உருக்கில் அச்சு வெட்டுவிப்பது எனது சிறு பட்டறைக்குக் கட்டுப்படியாகாது. கொதிநீரிலேயே உருகும் கலப்புலோகத்தில் அச்சு வார்க்கலாம் என்கிறார்கள். அது சரிவருமா?
– பட்டறை உரிமையாளர், சுன்னாகம்

பதில்: வார்க்கலாம், ஆனால் கொதிநீரில் உருகும் உலோகத்தில் வார்க்க வேண்டாம் என்பதே எனது உறுதியான கருத்து. நீங்கள் கேள்விப்பட்டது, பார்னபாஸ் வூட் என்ற பல் வைத்தியர் 1860இல் உருவாக்கிய வூட் உலோகமாக இருக்கலாம். பாதியளவு பிஸ்மத்துடன் ஈயம், வெள்ளீயம், கட்மியம் ஆகியவை சேர்ந்த அது ஏறத்தாழ 70 பாகை செல்சியஸில் உருகிவிடும். இத்தகைய தட்டுகளுக்குப் பயன்படும் பொலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் தாளோ 150 பாகையைத் தாண்டிச் சூடேறிய பின்னரே அச்சின் மீது படியும். ஒரு தட்டு, இரண்டு தட்டு என்றால் தாங்கக்கூடும். அடுத்தடுத்துத் தாள் படியப் படிய அச்சின் விளிம்புகள் இளகிப்போகும். அதைவிடப் பெரிய காரணம், ஈயமும் கட்மியமும் நஞ்சு என்பதாகும். உணவு வைக்கும் தட்டு அவற்றின் மீது உருவாகக் கூடாது. கட்மியத்தை அளவுக்கு மீறிச் சூடாக்கும்போது எழும் புகை, காற்றோட்டமில்லாத பட்டறையில் ஆளைக் கொல்லவும் வல்லது.

உங்களுக்கு உகந்தது, நூற்றுக்கு 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் கொண்ட கலப்புலோகம். அது 138 பாகையில் உருகும். இளகிய கூழ்நிலை எதுவுமின்றி அந்த ஒரே வெப்பநிலையில் உருகி, அதே வெப்பநிலையில் இறுகும். பெரும்பாலான உலோகங்கள் இறுகும்போது சுருங்க, பிஸ்மத்தோ நீர் பனிக்கட்டியாவதைப் போல நூற்றுக்கு 3 பங்குக்குச் சற்று மேலாக விரிகிறது. வெள்ளீயத்தின் சுருக்கத்தை அந்த விரிவு ஏறக்குறைய ஈடுசெய்துவிடுவதால், உலோகத்தை எதன் மீது ஊற்றுகிறோமோ அந்த மாதிரியில் உள்ள மெல்லிய கோடும் எழுத்தும் அச்சில் அப்படியே பதிகின்றன. விலையைப் பார்த்துத் தயங்க வேண்டாம்: தட்டின் வடிவம் மாறும்போது பழைய அச்சை உருக்கிப் புதிய அச்சு வார்க்கலாம்.

மாதிரியை மரத்திலோ பரிஸ் சாந்திலோ செய்யலாம். பொலிஸ்டைரீன் குளிரும்போது நூற்றுக்கு அரைப் பங்களவு சுருங்கும்; ஆகவே 100 மில்லிமீற்றர் தட்டுக்கு மாதிரி 100.5 மில்லிமீற்றர் இருக்கட்டும். தட்டு அச்சிலிருந்து கழன்று வருவதற்குப் பக்கச் சுவர்களில் 3 பாகையளவு சாய்வு வையுங்கள். சாந்து மாதிரி எலும்புபோல் உலர்ந்திருப்பது மிக மிக முக்கியம். நம் ஊரில் கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் மேற்பரப்பு காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். அந்த ஈரம் நீராவியாகி, உருகிய உலோகத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும். உலோகத்தை மின்னடுப்பில், துருப்பிடியா உருக்குப் பாத்திரத்தில், வெப்பமானியைக் கொண்டு அளந்தபடி உருக்கி, 160 பாகையளவில் ஊற்றுங்கள். ஊற்றும் முன் ஒரு செப்புக் குழாயை வளைத்து உள்ளே வைத்துவிட்டால், பின்னர் அதனூடாக நீரை ஓடவிட்டு, 150 பாகையைத் தாண்டிய தாள் படிந்தாலும் அச்சை 60 பாகைக்குள் வைத்திருக்க முடியும். காற்றை உறிஞ்சும் துளைகளை, தாள் கடைசியாகச் சென்று படியும் மூலைகளில் 1 மில்லிமீற்றருக்கும் குறைவாக இடுங்கள். பின்புறத்தில் அவற்றை அகலப்படுத்திக்கொள்ளலாம். உலோகம் மென்மையானது என்பதால் துளையிடுவது எளிது; அதே காரணத்தால் அச்சைத் திருப்புளியால் நெம்பவோ சுரண்டவோ கூடாது.

கேள்வி: பிஸ்மத்–வெள்ளீயக் கலப்புலோகத்தைக் கருவாக வைத்து, அதைச் சுற்றி 280 பாகையில் உருகிய நைலோனைச் செலுத்தி, வளைந்த உட்குழாய்கள் உள்ள மோட்டார் உறுப்புகளைச் செய்வார்கள் என்று படித்தேன். 138 பாகையில் உருகும் கரு எப்படி உருகாமல் நிற்கிறது?
– தொழில்நுட்ப மாணவர், யாழ்ப்பாணம்

பதில்: மிக நல்ல கேள்வி. வெப்பநிலையை மட்டும் பார்த்தால் நடக்கவே முடியாத காரியம்தான். ஆனால் உருகுவதற்கு வெப்பநிலை உயர்ந்தால் போதாது, போதிய வெப்பமும் உள்ளே செல்ல வேண்டும். நைலோன் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். கருவைத் தொட்ட கணத்திலேயே அதன் தொடுபரப்பு தோலாக இறுகி, பின்னால் வரும் வெப்பத்தைத் தடுக்கிறது. கருவோ பருமனான உலோகம் என்பதால், தன் மேற்பரப்புக்கு வந்த சிறிதளவு வெப்பத்தை உடனே உள்ளே பரப்பிவிடுகிறது. சில நொடிகளுக்குள் நைலோன் முழுவதும் இறுகிவிடும். அதன் பின்னர் உறுப்பை, 138 பாகைக்கு மேலும் நைலோனின் உருகுநிலைக்குக் கீழும் உள்ள சூடான திரவத் தொட்டியில் இறக்கினால், கரு உருகி வடிந்துவிடும். கோயில் விக்கிரகம் வார்க்கும் ஸ்தபதிகள் மெழுகை உருக்கி வெளியேற்றிய பிறகு உலோகத்தை ஊற்றுகிறார்கள்; இங்கே உலோகமே மெழுகின் வேலையைச் செய்து, கடைசியில் வெளியேறுகிறது. கரு மெல்லியதாக உள்ள இடத்துக்கு நேரெதிரே நைலோன் நுழையும் வாயிலை மட்டும் வைக்கக் கூடாது; ஒரே இடத்தில் பாய்ந்துகொண்டிருக்கும் சூடான நைலோன் அந்தப் பகுதியை அரித்துக் கொண்டுபோய்விடும்.