பலர் பயன்படுத்தும் அலுவலக எக்செல் கோப்பை இணையத்துக்கு மாற்றுவது எப்படி?

கேள்வியின் சாரம்: பொதுக் கோப்புறையில் ஒரே ஒரு எக்செல் கோப்பு, அதில் எழுதுபவர்கள் ஆறேழு பேர். ஒருவர் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் மற்றவர்களுக்கு 'படிக்க மட்டும்' என்று வருகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுத என்ன வழி?

நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். லாரி எண், லோடு, வாடகை, அட்வான்ஸ், பாக்கி என்று எங்கள் பிழைப்பு முழுவதும் ஒரே தாளில்தான் இருந்தது. இப்போது கூகுள் ஷீட்ஸில் ஓடுகிறது; எக்செல் போலவே இருக்கும், இணையத்தில் பலர் ஒரே நேரத்தில் எழுதலாம். கோப்பில் மேக்ரோக்கள் (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்கள்) இருந்தால் மட்டும் அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், எக்செல் மேக்ரோ அங்கே ஓடாது. எல்லாரிடமும் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால், கோப்பை மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடமான ஒன்டிரைவில் வைத்துக் கணினியில் உள்ள எக்செல்லிலேயே சேர்ந்து எழுதலாம்.

ஏற்றுவது சில நிமிட வேலை. அதற்கு முன் கோப்பைச் சுத்தம் செய்வதில்தான் பாடு இருக்கிறது. முதலில் தமிழ். பழைய கோப்புகளில் பெயர்களைப் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் அடித்திருப்பார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அழகாகத் தெரியும்; இணையத்தில் ஏற்றியதும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறிக் கிடக்கும். பெயர்கள் உள்ள பத்தியை (column) நகலெடுத்து, இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் போட்டு, எல்லாக் கணினியிலும் தெரியும் யூனிகோடாக்கி ஒட்டுங்கள். ஒட்டியபின் வரிவரியாகச் சரிபாருங்கள். ஓட்டுநர் பெயர் மாறினால் பணம் ஆள் மாறிப் போகும்.

அடுத்தது தேதி. கோப்பின் அமைப்புகளில் நாடு அமெரிக்கா என்று இருந்தால், நீங்கள் ஏப்ரல் 5 என்று நினைத்து 05/04 என அடிப்பது மே 4 ஆகிவிடும். 25/04 தேதியாகவே ஏறாது, வெறும் எழுத்தாக நிற்கும். பாதி தவறான தேதி, பாதி வெறும் எழுத்து; பார்வைக்கு இரண்டும் தேதி போலவே இருப்பதால் யாருக்கும் சட்டென்று தெரியாது. நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுத்தான் முதல் வரியை எழுத வேண்டும்.

கோப்பு அலுவலகத்தின் பெயரில் உள்ள கணக்கில் இருக்கட்டும். ஊழியர் ஒருவரின் சொந்தக் கணக்கில் வைத்தால், அவர் வேலையை விட்டுப் போகும்போது கோப்புக்கும் மல்லுக்கட்ட வேண்டிவரும். இணைப்பு கிடைத்தவர் எவரும் திருத்தலாம் என்ற அனுமதி வேண்டவே வேண்டாம். ஒவ்வொருவரையும் அவரவர் மின்னஞ்சலைக் கொண்டு சேருங்கள். அப்போதுதான் எந்தக் கட்டத்தை யார் எப்போது மாற்றினார் என்பது கோப்பின் திருத்த வரலாற்றில் பெயரோடு தெரியும். சூத்திரம் உள்ள பத்திகளைப் பூட்டிவிடுங்கள். எங்களிடம் பாக்கிப் பத்தியில் யாரும் கை வைக்க முடியாது, வாடகையும் அட்வான்ஸும் எழுதினால் அதுவே கணக்கிட்டுக்கொள்ளும்.

ஒருவர் தன் லாரிகளை மட்டும் பார்க்க வடிகட்டினால் மற்றவர் திரையிலும் வரிகள் மறைந்துபோகும். அதற்குத் தனி வடிகட்டிப் பார்வை (filter view) என்ற வசதி உண்டு, அவரவர் பார்வை அவரவருக்கு மட்டும். இதை எல்லாரையும் ஒருமுறை உட்காரவைத்துக் கற்றுக்கொடுங்கள். அரை மணி நேரம் வீணாகிறதே என்று முதலாளி முகம் சுளித்தாலும் விடாதீர்கள்.

மாற்றும் நாளன்றே பழைய கோப்பைப் பொதுக் கோப்புறையிலிருந்து எடுத்து வேறிடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஒரு வாரம் இரண்டிலும் எழுதிப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலையில் பழையதில் பதிந்த அட்வான்ஸ் புதியதில் இருக்காது, மாலையில் அதே லாரிக்கு இன்னொருவர் மறுபடியும் பணம் கொடுத்துவிடுவார்.